ஜெட்டி வாடகையும் ஒரு மஞ்சள் படகும்

போன மாதம் ஆபீஸிலிருந்து ரேஷ்மா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். எங்கள் தீவுக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு பத்திரிகை நம் ஊர் நீச்சல்காரர் ஒருவரைப் படம் எடுக்க வருகிறதாம். கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பச்சைத் துணி கட்டி, அதன் முன்னால் அவரை நிறுத்தி எடுத்துக்கொள்வார்களாம். பின்னால் வர வேண்டிய கடலை ஹைதராபாத்தில் யாரோ கம்ப்யூட்டரில் சேர்த்துவிடுவார்களாம். “மேடம், பட்ஜெட்ல கடலுக்கு ஏதாவது போடணுமா?” என்று கேட்டாள்.

நாலு பக்கமும் கடல் இருக்கிற ஊருக்கு விமானம் ஏறி வந்து, மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கடலை மட்டும் ஹைதராபாத்திலிருந்து வரவழைக்கிறார்கள். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வேலை பார்த்த காலமெல்லாம் கடலை நம்பி பட்ஜெட் போட்டவள் நான். ஒரு நாளும் அது சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. ஜெனரேட்டருக்குப் போடு, துணியை இஸ்திரி போட ஓர் ஆளுக்குப் போடு, கடலை விட்டுவிடு என்றேன்.

போனை வைப்பதற்கு முன், அந்த மஞ்சள் படகுக் கதை நிஜமா என்று கேட்டாள். ஆபீஸில் இப்போது அது இரண்டு விதமாக உலவுகிறதாம். ஒன்றில் எங்கள் முதலாளி படகை மூழ்கடித்துவிட்டார். இன்னொன்றில் நான் அதைத் திருடிவிட்டேன். இரண்டும் இல்லை. ஆளாளுக்குச் சொல்லி அதற்குக் கை கால் முளைப்பதற்குள் நானே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸ் அபர்டீன் பஜாரில், ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடி. சினிமா, விளம்பரம், பத்திரிகை என்று வெளியூரிலிருந்து படம் எடுக்க வருகிறவர்களுக்கு இங்கே வேண்டிய அனுமதி, வண்டி, படகு, ஆள், சாப்பாடு எல்லாம் ஏற்பாடு செய்து கொடுப்பது எங்கள் தொழில். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பொதுப்பணித் துறை வேலைக்கு வந்த என் அப்பா, பெண் டைப் அடிக்கிறாளே என்று என்னை அங்கே கொண்டுபோய் விட்டார். தொழில் கற்றுக்கொண்ட வருஷங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் இருப்பார் என்று முதல் வருஷம் தெரிந்துகொண்டேன். கப்பல் வரும் என்று சொன்ன தேதியில் வராது என்று இரண்டாம் வருஷம் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. பட்ஜெட் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

முதலாளி பெயர் காதர். ஊருக்கே காதர் பாய். பட்ஜெட்டைக் கண்ணால் பார்த்துப் படிக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொள்வார். நான் ஒவ்வொரு வரியாக வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: “இல்லன்னா?”

அந்தச் செலவு இல்லையென்றால் என்ன ஆகும் என்று அர்த்தம். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். சொன்ன பதில் அவருக்குச் சரியென்று பட்டால் வரி பிழைக்கும். இல்லாவிட்டால் “அடிச்சிரு” என்பார். ஒருமுறை ஒரு சினிமாக்காரர் கடற்கரையில் கதாநாயகன் வந்து இறங்க வெள்ளைக் குதிரை கேட்டிருந்தார். குதிரை என்று நான் படித்ததும் பாய் “இல்லன்னா?” என்றார். சினிமாக்காரரே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இல்லையென்றால் ஹீரோ நடந்துதான் வர வேண்டியிருக்கும் என்றார். “நடக்கட்டும்” என்றார் பாய். கண்ணைத் திறக்கவில்லை. ஹீரோ நடந்தார், படமும் ஓடியதாகச் சொன்னார்கள்.

பாய் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சாதாரண நாட்களில் என்னை “வசந்தா” என்பார். கோபம் வந்தால் “மேடம்” என்பார். அந்த ஒரு சொல்லுக்கு ஆபீஸே நடுங்கும். செருப்புக் கடைக்காரர்கூடக் கீழேயிருந்து எட்டிப் பார்ப்பார்.

இனி படகு விஷயம். நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, சென்னையிலிருந்து வரும் ஒரு தமிழ் மாத இதழ் தன் ஆண்டு மலருக்கு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியை அட்டைப் படமாகப் போடுவது என்று முடிவு செய்தது. பெயர் ஜெசிந்தா. ஜங்லிகாட்டில் படகு என்ஜின் ரிப்பேர் பட்டறை வைத்திருக்கும் மரியதாஸின் மகள். கயாக் என்கிற ஒல்லியான பந்தயப் படகை ஓட்டுகிறவள். உட்கார்ந்தால் இடுப்பு அகலத்துக்கு மேல் இடமில்லாத படகு அது. சும்மா நின்றாலே கவிழும், போய்க்கொண்டே இருந்தால்தான் நிற்கும். தேசியப் போட்டியில் பதக்கம் வாங்கி வந்திருந்தாள். படம் எடுக்கும் செலவு முழுவதையும் ஒரு சத்து மாவுக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தது.

உடைக்கு அளவெடுக்க ஜெசிந்தா ஆபீஸுக்கு வந்தாள். தையல்காரர் தோளை அளந்துவிட்டு, தப்பாக அளந்துவிட்டோமோ என்று மறுபடி அளந்தார். அளவெல்லாம் முடிந்து அவர் போன பிறகும் அவள் போகவில்லை. என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, என்ன கேட்பது என்று தெரியாமல் ஸ்டேப்ளரை எடுத்து எடுத்து வைத்தாள்.

“ஆன்ட்டி, ஹாஸ்டல்ல அடுத்த மாசத்தோட என் உமர் முடியுது. வெளிய அனுப்பிருவாங்க. போட் ஹாஸ்டலோடது. ஏப்ரல்ல ட்ரையல். போட் இல்லாம நான் எதுல ப்ராக்டிஸ் பண்றது?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. உமர் என்றால் வயது. விளையாட்டு விடுதியில் ஒரு வயது வரைக்கும்தான் இருக்கலாம். அதைத் தாண்டினால் வெளியே வர வேண்டும், படகு உள்ளேயே இருக்கும். ஏப்ரல் தேர்வில் ஜெயித்தால் இந்தியா முகாமில் சேர்த்துக்கொள்வார்கள். அதுவரை தினமும் தண்ணீரில் இருந்தாக வேண்டும். பந்தயப் படகு வாங்க மரியதாஸின் பட்டறை மாதிரி இன்னும் நாலு பட்டறை வேண்டும். படம் எடுக்க எனக்குப் பணமே வேண்டாம், படகு வாங்கித் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

கேட்டேன். சத்து மாவுக் கம்பெனியில் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள். படம் எடுப்பது விளம்பரத் தலைப்பில் வருகிறது, படகு கொடுப்பது நன்கொடைத் தலைப்பில் வரும், இந்த வருஷம் நன்கொடைத் தலைப்பில் ஒன்றும் மிச்சமில்லை என்றார்கள். விளம்பரத் தலைப்பில் எவ்வளவு வேண்டுமானாலும் இருந்தது. அவர்களையும் குறை சொல்ல முடியாது, தலைப்பு அப்படி அமைந்துவிட்டது.

அதே வாரம் போட்டோகிராபர் ராகவ் தனக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். சென்னையில் பெயர் வாங்கியவர். சூரியன் உதிக்கிற நேரத்தில் ஒரு ஜெட்டியின் ஓரம், மஞ்சள் படகு, அதில் ஜெசிந்தா. அவள் தோளிலிருந்து தண்ணீரில் மிதந்து போகும் நீளமான மஞ்சள் பட்டு. செயற்கை மழை. செயற்கைப் புகை. மேலிருந்து எடுக்கக் கிரேன். ஹாஸ்டல் படகு வெள்ளை நிறம், அரசாங்கச் சொத்து, விளம்பரத்துக்குத் தர மாட்டார்கள். ஓட்டல்களில் இருக்கும் பிளாஸ்டிக் படகைப் படமெடுத்து அனுப்பினேன். குளியல் தொட்டி மாதிரி இருக்கிறது என்று பதில் வந்தது.

ஆகவே படகு மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும். ஒரு படகுக் கிளப் வாடகைக்குத் தரச் சம்மதித்தது. ஆனால் முன்பணம், உடைந்தால் நஷ்டஈடு, காப்பீடு, பெட்டி, கப்பல் கூலி எல்லாம் சேர்ந்து எங்கேயோ போய் நின்றது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அதே கிளப் பழைய படகு ஒன்றை விற்கவும் தயாராக இருந்தது. கூட்டிப் பார்த்தால் வாங்குவது வாடகையை விடக் குறைவு. இதில் சூது எதுவும் இல்லை. எந்தக் கணக்குப் பிள்ளையும் இதைத்தான் செய்வார்.

பட்ஜெட்டை எடுத்துக்கொண்டு பாயின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் கண்ணை மூடினார்.

மழைக்குத் தண்ணி லாரி என்று படித்தேன். “இல்லன்னா?” என்றார். அது கோடை. குழாயில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். இல்லையென்றால் இரண்டு தெருவுக்குக் குடிக்கக் கிடைக்கும் என்றேன். அடிக்கச் சொன்னார். புகையும் போயிற்று. கிரேன் ஜெட்டியைத் தாண்டி வராது என்பதால் போயிற்று. பட்டுத் துணி பிழைத்தது, ஏன் என்று இன்றுவரை தெரியாது. படகு பிழைத்தது. மஞ்சள் பெயிண்ட் பிழைத்தது. கடைசிக்கு முந்தின வரிக்கு வந்தேன்.

“படகு திரும்ப மெயின்லேண்ட் போறதுக்குக் கப்பல் கூலி.”

“இல்லன்னா?”

“இல்லன்னா... படகு இங்கயே இருக்கும் பாய்.”

வழக்கமாக உடனே தீர்ப்பு வரும். அன்று வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். கோத்த கைகளில் கட்டைவிரல் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. ஜெசிந்தாவின் விஷயம் அவருக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பு நான்தான் சொன்னேன்.

“அடிச்சிரு,” என்றார். பிறகு, “அந்தப் புள்ளைக்கிட்ட இப்போ ஒண்ணும் சொல்லாத. மெட்ராஸ்காரங்க பாத்து அந்த வரியத் திரும்ப எழுதிட்டாங்கன்னா ஏமாந்து போவா.”

அது நடக்கக்கூடியதுதான். பத்திரிகையின் கணக்குப் பிரிவில் சுந்தரேசன் என்று ஒருவர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. போனில் கேட்டால் நெற்றியில் விபூதி தெரியும். தமிழ்ப் பத்திரிகை என்பதால் எல்லாக் கணக்கும் தமிழில்தான் வர வேண்டும் என்பது அவருடைய சட்டம். படகு வாங்கினால் அது கம்பெனிச் சொத்து, திரும்பி வரும் செலவு எங்கே என்று அவர் ஒரு வார்த்தை கேட்டால் போதும், சேர்த்துத்தான் ஆக வேண்டும். படகு வந்த கப்பலிலேயே திரும்பிவிடும். நான் பட்ஜெட்டை அவர் கேட்டபடியே சுத்தத் தமிழில் டைப் செய்து அனுப்பிவிட்டு, பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஒரு வரியை எடுத்துவிட்டதாகச் சொன்னார். எந்த வரி என்று கேட்டேன். சொல்லத் தயங்கினார். பெண்ணிடம் பேசுகிறோமே என்ற சங்கடம் அவர் குரலில் இருந்தது, அது ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

“அந்த... ஜெட்டி வாடகை. ரெண்டுன்னு போட்டிருக்கீங்க.”

எடுத்தது படகு வரி இல்லை என்றதும் எனக்கு உயிர் வந்தது. அந்தத் தெம்பில் கொஞ்சம் உறுதியாகவே பேசிவிட்டேன்.

“அது இல்லாம முடியாது சார். ரெண்டு ஜெட்டி கண்டிப்பா வேணும். ஒண்ணுல அந்தப் பொண்ணு. இன்னொண்ணுல போட்டோகிராபர், லைட் ஆளுங்க, மேக்கப் எல்லாரும் நிப்பாங்க.”

“எல்லாருமா?”

“தாங்கும் சார். நான் போய்ப் பாத்துட்டேன்.”

மறுமுனையில் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. “வாடகைக்குத்தான் எடுக்கணுமா? அவங்கவங்களுக்குச் சொந்தமா இருக்காதாம்மா?”

“இங்க யாருக்கும் சொந்தமா கிடையாது சார். எல்லாம் கவர்மென்ட் ஜெட்டிதான். லெட்டர் குடுத்துக் காலைல வாங்கிக்கணும், எட்டு மணிக்குத் திருப்பிக் குடுத்துரணும். அதுக்கப்புறம் மீன்காரங்களுக்கு வேணும்.”

“மீன்காரங்களுக்கு...”

“ஒண்ணு ரொம்பப் பழசு சார். ஈரமானா வழுக்கும். கயிறு கட்டித்தான் நிக்கணும். பெரிய கப்பல் வந்து கட்டுற ஜெட்டின்னா வாடகை இன்னும் ஜாஸ்தி. நான் சின்னதாத்தான் பாத்திருக்கேன்.”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு மிக மெல்லிய குரலில், “படகுத்துறையாம்மா?” என்றார்.

“ஆமா சார். நீங்க என்னன்னு நெனச்சீங்க?”

சரி என்று சொல்லி வைத்துவிட்டார்.

இங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஜெட்டி என்றால் படகு வந்து நிற்கும் இடம், வேறு ஒன்றும் இல்லை. பள்ளிக்குப் போக ஜெட்டி, ஆஸ்பத்திரிக்குப் போக ஜெட்டி, கல்யாணத்துக்குப் போகவும் ஜெட்டி. மற்றதற்கு எங்கள் வீட்டில் நிக்கர் என்போம். சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, மதுரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த என் தம்பி மனைவி அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் பிடித்தது, அதற்கப்புறம்தான் விளக்கினாள். நான் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து ஒருமுறை மனதில் ஓட்டிப் பார்த்தேன். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

ஆனால் மறுநாளே பட்ஜெட் ஒப்புதலாகி வந்தது. ஜெட்டி என்று இருந்த இடத்தை அடித்து, ‘படகுத்துறை’ என்று சுந்தரேசன் தன் கையால் எழுதியிருந்தார். மற்ற எந்த வரியிலும் ஒரு பேனாக் கீறல்கூட இல்லை. அந்தப் போனுக்குப் பிறகு எங்கள் பட்ஜெட்டில் இன்னொரு கேள்வி கேட்கும் துணிச்சல் அவருக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். பாய் விஷயத்தைக் கேட்டுவிட்டு, முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல், நல்ல வேளை, மூன்று ஜெட்டி போடவில்லை என்றார்.

படகு கப்பலில் வந்து சேர்ந்தது. மரியதாஸின் பட்டறையிலேயே வைத்துப் பெயிண்ட் அடித்தோம். பெயிண்டர் டிங்கி என்கிற சின்ன மீன்பிடிப் படகுகளுக்கு அடிக்கிற ஆள், இரண்டு பூச்சு அடித்தால்தான் தொழிலுக்கு மரியாதை என்றார். ஜெசிந்தா பக்கத்திலேயே நின்று ஒரு பூச்சு போதும், ஒரு பூச்சு போதும் என்று கெஞ்சினாள். பெயிண்டுக்கும் எடை உண்டு, அந்தப் படகில் எலுமிச்சம்பழ எடைகூடக் கணக்கு. அவளிடம் நாங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. படம் எடுத்து முடிந்தால் திரும்பிப் போகிற படகின் எடையைப் பற்றி ஒருத்தி எதற்குக் கவலைப்பட வேண்டும் என்று யோசித்தேன். பெயிண்டரிடம் ஒரு பூச்சுக்குத்தான் பட்ஜெட் என்று சொன்னேன்.

படம் எடுக்கிற நாள். எங்கள் ஊரில் சூரியன் மெயின்லேண்டுக்கு முன்னாலேயே டியூட்டிக்கு வந்துவிடும். எல்லாரையும் இருட்டிலேயே எழுப்பிக் கொண்டுவந்து சேர்த்தோம். ஒரு ஜெட்டியில் ராகவும் அவருடைய ஆட்களும். எதிர் ஜெட்டி ஓரத்தில் மஞ்சள் படகு, அதில் ஜெசிந்தா, தோளில் பட்டு. நின்றால் கவிழும் படகை அவள் துடுப்பால் தண்ணீரைத் தட்டித் தட்டி அசையாமல் நிறுத்தி வைத்திருந்தாள். அது எவ்வளவு கஷ்டம் என்று தண்ணீர் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ராகவ் படம் ரொம்ப அசைவில்லாமல் இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். பட்டு இரண்டு முறை துடுப்பில் சுற்றியது. ஒரு முறை ஒரு நாய் அதைக் கரைக்கு இழுத்தது.

வெளிச்சம் ஏற ஏற ராகவுக்குத் திருப்தி குறைந்துகொண்டே வந்தது. மழை இல்லை, புகை இல்லை, கிரேன் இல்லை. காலையிலிருந்து எடுத்ததையெல்லாம் பார்த்துவிட்டு, இதில் கதையே இல்லை என்றார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. படகு பாதி மூழ்கியிருக்க வேண்டும். மூழ்கும் படகில் கலங்காமல் உட்கார்ந்திருக்கும் வீராங்கனை. தோல்வியிலிருந்து எழுவது. அடியில் ஒரு சின்ன ஓட்டை போட்டால் தண்ணீர் மெதுவாக ஏறும், அதற்குள் எடுத்துவிடலாம் என்றார். அவருடைய உதவியாள் பையிலிருந்து டிரில்லை எடுத்துவிட்டார். இப்படிப் பையில் டிரில்லோடு வருகிறவர்கள் உண்டு.

ஜெசிந்தாவைக் கரைக்கு வரச் சொன்னார்கள். வந்தாள். இறங்கி, படகைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள். கீழே வைக்கச் சொன்னதும் வைக்கவில்லை. கேட்காதவள் மாதிரி நின்றாள். தோளில் இருந்த பட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னைத்தான் பார்த்தாள்.

நான் போய் நடுவில் நின்றேன். எனக்கு வேறு ஆயுதம் எதுவும் தெரியாது.

“சார், பட்ஜெட்ல ஓட்டை இல்லை,” என்றேன்.

நான் பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். ரொம்ப சந்தோஷம் மேடம், கொஞ்சம் நகருங்க என்றார். இல்லை சார், படகு வாங்க இருக்கிறது, பெயிண்ட் அடிக்க இருக்கிறது, ஓட்டை போட இல்லை என்று விளக்கினேன். இதர செலவில் போடச் சொன்னார். இதர செலவில் டீ மட்டும்தான் இருக்கிறது என்றேன். அவர் குரல் உயர்ந்தது. படம் எடுத்ததும் இந்தப் படகை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள், நான் என் கைக்காசைப் போட்டுத் தருகிறேன், உங்கள் ஊர் ஆட்கள் ஒத்துழைக்கவில்லை என்று ஆசிரியருக்கு எழுதட்டுமா என்றார். எழுதினால் எங்களுக்கு அந்தப் பத்திரிகை வேலை அத்தோடு போகும். அது சாதாரண விஷயம் இல்லை, வருஷத்தில் பாதிச் சம்பளம் அவர்களிடமிருந்துதான் வந்தது.

பாய் அதுவரை கட்டுமரக்காரர் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தார். மெதுவாக நடந்து வந்தார். ஜெட்டி ஓரம் கிடந்த ஒரு மீன் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கைகளை வயிற்றின் மேல் கோத்து, கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினார்கள்.

“தம்பி, அந்த ஓட்டை,” என்றார். “இல்லன்னா?”

ராகவுக்குப் பாயின் இந்த வழக்கம் தெரியாது. கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டார்.

“இல்லன்னா என்ன சார்? போட் மிதந்துக்கிட்டே இருக்கும்.”

“மிதக்கட்டும்,” என்றார் பாய்.

டிரில் பைக்குள் போயிற்று. ராகவ் எதிர் ஜெட்டிக்குப் போய், யாரோடும் பேசாமல், நீளமான லென்ஸை மாட்டிக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் கோபத்தோடு எடுத்தார். பாய் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, “மேடம், சாருக்கு டீ குடுங்க” என்றார். கோபமில்லாமல் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அந்த ஒரு நாள்தான்.

ஆண்டு மலர் வந்தது. அட்டையில் ஜெசிந்தாவின் முகம் மட்டும். படகு இல்லை, பட்டு இல்லை, ஜெட்டி இல்லை, கடல்கூட இல்லை. ஈர முகம், பாதி மூடிய கண், லேசாகத் திறந்த வாய். அற்புதமான படம், அதை மறுக்க மாட்டேன். ‘போட்டிக்கு முந்தைய நொடியின் பதற்றம்’ என்று கீழே எழுதியிருந்தார்கள். டிரில் பைக்குள் போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவள் மூச்சு விட்டாள். படம் அதைத்தான் பிடித்திருந்தது. ராகவ் ஆசிரியருக்கு எழுதவில்லை. அந்தப் படத்துக்கு அவருக்குப் பரிசு கிடைத்ததாகக் கேள்வி.

ஜெசிந்தாவுக்கு ஹாஸ்டலில் வயது முடிந்தது. வெளியே வந்தாள். படம் எடுத்ததிலிருந்து படகு மரியதாஸ் பட்டறையின் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து ஓட்டு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஓட்டாதே என்றும் யாரும் சொல்லவில்லை. விடுதியிலிருந்து பெட்டியோடு வந்த மறுநாள் காலை அவள் அதை இறக்கினாள்.

மார்ச் கடைசியில், வருஷக் கணக்கை முடிக்கும் நேரத்தில், சுந்தரேசன் போன் செய்தார். தேர்வுக்கு இன்னும் சில வாரம் இருந்தது. தணிக்கைக்காரர்கள் படகு எங்கே என்று கேட்கிறார்களாம். வாங்கிய பொருள் கைவசம் இருந்தால் திருப்பி அனுப்பச் சொல்கிறார்களாம். திரும்பி வரக் கப்பல் கூலி பட்ஜெட்டில் இல்லையே சார் என்றேன். அதை அவர்களும் பார்த்துவிட்டதாகவும், தனியாக ஒப்புதல் வாங்கித் தருவதாகவும் சொன்னார். எங்கள் சாமர்த்தியம் அத்தோடு முடிந்தது. அடித்த வரியை அவர்கள் திரும்ப எழுதப்போகிறார்கள்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சொல்ல நினைத்தேன், வாய் எழவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன். விடுதி, வயது, ஏப்ரல் தேர்வு, ஒரு பூச்சுப் பெயிண்ட் எல்லாம் சொன்னேன். “தெனம் விடியறதுக்கு முன்னாடி அந்தப் படகை எடுத்துக்கிட்டுப் போறா சார். வெயில் ஏறினப்புறம்தான் வர்றா. அது இல்லன்னா அவ கரையிலதான் நிக்கணும்.”

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

“இப்போ படகு எங்கம்மா இருக்கு?” என்றார்.

“கடல்ல சார்.”

“கண்ணுக்குத் தெரியுதா?”

ஆபீஸ் ஜன்னலிலிருந்து பஜாரும் ஆட்டோக்களும்தான் தெரியும். “இங்கேருந்து தெரியல சார்,” என்றேன்.

“அப்படின்னா கடல்ல தொலைஞ்சதுன்னு எழுதிக்கறேன்,” என்றார். “நீங்க ஒண்ணும் எழுதி அனுப்ப வேண்டாம். நல்லா ஓட்டச் சொல்லுங்க.”

போனை வைத்த பிறகு மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன். பாய் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல், மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டுப் போனார்.

ஏப்ரலில் அவள் தேர்வானாள். அந்தச் செய்தி எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, இங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது, சுந்தரேசன் பேசியதற்கு மறுநாள் காலை. மரைன் ஹில்லில் எங்கள் வீட்டு மாடியிலிருந்து ஒரு துண்டுக் கடல் தெரியும். துணி உலர்த்தப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். கணக்கில் தொலைந்துபோன படகு, மஞ்சளாக, ஒரு கப்பலின் நிழலிலிருந்து வெளியே வந்து, அந்தத் துண்டுக் கடலை நேராகக் கிழித்துக்கொண்டு போயிற்று. நான் ஈரத் துணியை வீசிக் காட்டினேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் வேகம் குறைந்துவிடும்.